கழிச்சலா, காய்ச்சலா, தாடை வீக்கமா? மாட்டுப் பட்டியில் ஒட்டுண்ணியை அறிகுறி வழியே கண்டுபிடிப்பது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மாட்டுக்கு ஒரு குப்பி என்று பட்டி முழுவதற்கும் ஒரே குடற்புழு மருந்தைப் புகட்டுகிறோம். அதற்குப் பிறகும் ஒரு மாடு மெலிந்துகொண்டே போனால், "மருந்து போலி" என்கிறோம், அல்லது "தீவனம் போதவில்லை" என்கிறோம். பெரும்பாலும் இரண்டும் இல்லை. உருண்டைப்புழுவைக் கொல்லும் மருந்து தட்டைப்புழுவைத் தொடாது. தட்டைப்புழு மருந்துக்கு இரத்தத்தில் வாழும் ஓரணு உயிரி அசையாது. 200 கிலோ மாட்டுக்கு அளந்த மருந்து 370 கிலோ மாட்டுக்குக் காணாது. எந்த ஒட்டுண்ணி என்று தெரிந்த பிறகுதான் எந்த மருந்து என்ற கேள்வியே எழ வேண்டும்.

இதில் வரும் மருந்தளவுகள் உடல் எடை ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் உள்ளன. ஊசி மருந்துகள் எல்லாம் கால்நடை மருத்துவர் கையால்தான் போக வேண்டும். அவரிடம் என்ன சொல்வது, என்ன மாதிரி எடுத்து வைப்பது, எதைக் கேட்பது என்பதற்கும் இது உதவும்.

மருந்துக்கு முன் மூன்று பார்வை

முதலாவது, காய்ச்சல். தெர்மாமீட்டரை ஆசனவாயில் சாய்வாக நுழைத்து, முனை சாணத்துக்குள் புதையாமல் குடல் சுவரைத் தொடும்படி இரண்டு மூன்று நிமிடம் பிடியுங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. வெயிலில் நின்ற மாட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். காலையில் நிழலில் பார்ப்பது நல்லது. இந்த ஒரு எண் வழியை இரண்டாகப் பிரித்துவிடும். குடற்புழுவும் தட்டைப்புழுவும் பொதுவாகக் காய்ச்சல் தருவதில்லை. 104-க்கு மேல் போனால் உண்ணி, ஈ வழியாக வரும் இரத்த ஒட்டுண்ணியையோ கிருமி நோயையோ தேட வேண்டும். 105 டிகிரியில் நிற்கும் மாட்டுக்குக் குடற்புழு மருந்து புகட்டி ஒரு நாளை வீணாக்குவது உயிரோடு விளையாடுவது.

இரண்டாவது, கண். கீழ் இமையை விரலால் இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பு நல்லது. வெளுத்துக் காகிதம் போலிருந்தால் இரத்தச் சோகை. மஞ்சள் கலந்திருந்தால் இரத்த அணுக்கள் உடைகின்றன அல்லது ஈரல் கெட்டிருக்கிறது. பசுவில் அறையின் (பிறப்புறுப்பின்) உதட்டை விலக்கிப் பார்த்தாலும் இதே நிறம் தெரியும்.

மூன்றாவது, சாணம். அதன் நிறம், கெட்டி, நாற்றம், சளி, இரத்தம், துண்டுகள் ஆகியவற்றைக் கவனியுங்கள். ஒரு மாட்டின் சாணத்தோடு நிற்காமல், அதே வயதுள்ள மற்ற மாடுகளையும் பாருங்கள். ஒட்டுண்ணி பட்டிக்கு வரும் சிக்கல். ஒரே ஒரு மாடு மட்டும் மெலிந்தால் பல், கம்பி விழுங்கியது, நாள்பட்ட நோய் என்று வேறு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம்.

தாடைக்குக் கீழே பை போல் வீக்கம், காய்ச்சல் இல்லை

காவிரிப் படுகையில் தை, மாசி மாதங்களில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். வீக்கத்தை விரலால் அழுத்துங்கள். குளிர்ச்சியாக, வலியில்லாமல், மாவில் அழுத்தியது போல் குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் அது நீர்க்கோவை. குனிந்து மேய்ந்து மாலையில் திரும்பும்போது பெரிதாகவும், இரவு கட்டுத்தறியில் தலை தூக்கி நின்ற பிறகு காலையில் சிறுத்தும் இருக்கும். இதனால் காலையில் மட்டும் பார்க்கிறவருக்கு வீக்கம் தெரியாமலே போகலாம்.

கல்லீரல் தட்டைப்புழு பித்தக் குழாயில் உட்கார்ந்து இரத்தம் குடிக்கிறது, ஈரலையும் சிதைக்கிறது. இரத்தத்தில் உள்ள புரதம் குறைந்தால் நீர் இரத்தக் குழாய்க்குள் நிற்காது. கசிந்து, தாழ்வான இடத்தில் தேங்கும். இறைச்சிக் கடையில் இப்படிப்பட்ட ஈரலை அறுத்தால் பித்தக் குழாய்கள் தடித்து, கத்தி பட்டதும் மணல் பட்டது போலக் கரகரக்கும். குழாய்க்குள் இலை வடிவில் சாம்பல் பழுப்பு நிறப் புழு சுருண்டிருக்கும். நம் பகுதியில் காணும் இனம் பெரிய தட்டைப்புழு. நன்கு வளர்ந்தால் ஆள்காட்டி விரல் நீளத்தை நெருங்கும்.

இதைத் தட்டைப்புழு என்று முடிவு கட்டும் முன் மூன்றை விலக்குங்கள்:

- வீக்கம் சூடாக, வலியோடு, தொண்டை வரை பரவி, 105 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் மூச்சுத் திணறலும் இருந்தால் தொண்டை அடைப்பான். அது சில மணி நேரப் பிரச்சினை; அப்போதே மருத்துவரை அழையுங்கள்.
- வீக்கம் மார்புக் கொழுப்புப் பகுதியிலும் இருந்து, கழுத்து நரம்பு கயிறு போல் புடைத்து, முன்னங்கால் முட்டியை வெளிப்பக்கம் விலக்கி வைத்து நின்றால் கம்பி குத்தி இதய உறை பழுதானது. புழு மருந்து பயன்படாது.
- பல மாதக் கழிச்சல், நல்ல பசி, ஆனாலும் எலும்பும் தோலுமாக மெலிவு, எந்தப் புழு மருந்துக்கும் மாற்றமில்லை என்றால், குடலைத் தாக்கும் நாள்பட்ட கிருமி நோயான ஜோனிஸ் நோய்க்குப் பரிசோதியுங்கள்.

தட்டைப்புழு உறுதியானால் எந்த மருந்து என்பது புழுவின் வயதைப் பொறுத்தது. ஆக்சிகுளோசனைடு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. கொடுத்தால் பித்தக் குழாயில் உள்ள முதிர்ந்த புழு சாகும். ஈரல் சதைக்குள் துளைத்துக்கொண்டிருக்கும் குட்டிப் புழு தப்பும். எனவே எட்டு முதல் பத்து வாரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். அல்பெண்டசோல் 10 மி.கி. அளவில் முதிர்ந்த புழுவை மட்டும் பிடிக்கும். உருண்டைப்புழுவுக்கு உரிய 7.5 மி.கி. அளவு இதற்குப் போதாது. டிரைக்ளாபெண்டசோல் 12 மி.கி. குட்டிப் புழுவையும் சேர்த்துக் கொல்லும். ஆனால் அது கறவை மாட்டுக்கு உரியதல்ல. பால் வற்றிய காலத்தில் கொடுப்பதே முறை. மேலும் அது உருண்டைப்புழுவையும் இரைப்பைத் தட்டைப்புழுவையும் தொடாது. ரஃபாக்சனைடு, குளோசான்டெல் இரண்டும் அளவு மீறினால் கண் பார்வையைப் பறிக்கும். இவற்றில் "கொஞ்சம் கூடுதலாகப் போட்டால் நல்லது" என்ற பேச்சே கூடாது.

ஆக்சிகுளோசனைடு கொடுத்த ஓரிரு நாள் சாணம் இளகும், பால் சற்றுக் குறையும். பயப்பட வேண்டாம். கண் வெளுத்த மாட்டுக்குப் புழு மருந்தோடு நின்றுவிடக் கூடாது. இழந்த புரதத்தையும் இரும்பையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிண்ணாக்கு, பயறு வகைத் தீவனம், தாது உப்புக் கலவை ஆகியவற்றை ஒரு மாதமாவது தொடருங்கள். தாடை வீக்கம் மறுநாளே வடியாது. இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

தண்ணீராகப் பீய்ச்சும் கழிச்சல், தாங்க முடியாத நாற்றம்

காய்ச்சல் இல்லை. மாடு நிறையத் தண்ணீர் குடிக்கிறது. கழிச்சல் வாலிலும் பின்தொடையிலும் வழிந்து காய்ந்திருக்கிறது. ஒரே குளக்கரையில் மேய்ந்த இரண்டு வயதுக்குட்பட்ட கிடேரிகள் பலவற்றுக்கு ஒன்றாக வருகிறது. இது இரைப்பைத் தட்டைப்புழுவின் குஞ்சுகள் செய்யும் வேலை. முதிர்ந்த புழு அசையூண் வயிற்றில் சிவப்பு மாதுளை முத்துகள் போல் ஒட்டிக்கொண்டு பெரிய தொல்லை தராமல் கிடக்கும். குஞ்சுகள்தான் சிறுகுடலின் சுவரைப் பிய்க்கின்றன.

இங்கேதான் பரிசோதனை ஏமாற்றும். குஞ்சு முட்டையிடாது. சாணத்தில் முட்டை இல்லை என்று அறிக்கை வரும், ஆனால் மாடு சாகக் கிடக்கும். ஒரு கைப்பிடி கழிச்சலை வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிய விட்டு, மேல் நீரை வடித்து, மறுபடி ஊற்றி மூன்று முறை அலசுங்கள். அடியில் நின்றதைக் கறுப்புத் தட்டில் ஊற்றி வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அளவில் இளஞ்சிவப்புத் துணுக்குகள் தெரியும். சில நெளியவும் செய்யும். இந்தச் சோதனைக்கு நுண்ணோக்கி வேண்டாம்.

மருந்து ஆக்சிகுளோசனைடு, கிலோவுக்கு 18 மி.கி. அளவில் ஒரு முறை. மூன்றாம் நாள் மறுபடி. ஒரே முறை கொடுத்துவிட்டு நிறுத்துவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. உடல் நீர் வற்றியிருக்கும். உப்பு, சர்க்கரை கலந்த நீரோ நரம்பு வழித் திரவமோ இல்லாமல் மருந்து மட்டும் காப்பாற்றாது. தோலைக் கழுத்தில் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே மறையாமல் நின்றாலோ கண் குழிக்குள் போயிருந்தாலோ ஊசித் திரவம் அவசரம்.

கன்றுகளில் என்ன பார்ப்பது

இரண்டு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் உள்ள கன்று, எருமைக் கன்று என்றால் இன்னும் அதிகமாக: பானை வயிறு, முரட்டு ரோமம், களிமண் நிறத்தில் பிசுபிசுப்பான நாற்றச் சாணம், சில நேரம் மூச்சில் கெட்டுப்போன வெண்ணெய் வாடை. இது பெரிய உருண்டைப்புழு. தாயின் உடலில் உறங்கும் இளம்புழு சீம்பாலிலும் பாலிலும் கன்றுக்குள் போகிறது. கொட்டகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது வரும். புழு 25, 30 சென்டிமீட்டர் நீளம் வளர்ந்து குடலை அடைத்தே கொல்லும்.

பத்தாம் நாள் முதல் பதினான்காம் நாளுக்குள் முதல் மருந்து போட்டுவிட்டால் புழு முட்டையிடும் முன்பே போய்விடும். பைப்பரசின் கிலோவுக்கு 200 மி.கி.; 25 கிலோ கன்றுக்கு 5 கிராம் மருந்துப் பொருள். குப்பிக்குக் குப்பி செறிவு மாறும், ஆகவே மில்லிலிட்டரை அட்டையில் பார்த்துக் கணக்கிடுங்கள். அதற்குப் பின் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை ஃபென்பெண்டசோல் போன்ற மருந்து.

இரத்தமும் சளியும் கலந்த கழிச்சல், கன்று முக்கி முக்கி வாலைத் தூக்கி நிற்பது, வயது மூன்று வாரம் முதல் ஆறு மாதம்: இது இரத்தக் கழிச்சல் எனப்படும் காக்சிடியோசிஸ். இது புழு அல்ல, ஓரணு உயிரி. எந்தக் குடற்புழு மருந்தும் கேட்காது. பட்டிதோறும் மருந்து வீணாவது இங்கேதான். ஆம்ப்ரோலியம் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் ஐந்து நாள், அல்லது சல்ஃபாடிமிடின் முதல் நாள் 140 மி.கி., பிறகு அதில் பாதி மூன்று நான்கு நாள். இரத்தம் தெரியும்போதே குடல் சுவர் உரிந்து முடிந்திருக்கும். ஆகவே நோய் கண்ட கன்றைவிட, அதே ஈரத் தரையில் கிடந்து இன்னும் நோய் காட்டாத மற்ற கன்றுகளுக்கு மருந்து அதிகப் பயன் தரும். ஃபினைலுக்கு இந்த உயிரி சாகாது. ஈரம்தான் அதன் பலம். தரையைச் சுரண்டிக் காய விடுங்கள். தீவனத் தொட்டியைக் கன்று சாணம் போட முடியாத உயரத்தில் தூக்குங்கள்.

சாணத்தின் மேல் வேகவைத்த அரிசி போல் வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் நாடாப்புழு. பார்க்கத்தான் பயமுறுத்தும், பெரும்பாலும் சிறு தொல்லைதான். கன்று மெலிந்திருந்தால் அதற்கு வேறு காரணமும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

காய்ச்சலோடு வருபவை

கலப்பின மாட்டில் 104 முதல் 107 டிகிரி வரை காய்ச்சல், தோள்பட்டைக்கு முன்னால் எலுமிச்சை அளவிலோ பெரிதாகவோ கட்டி, கண்ணில் நீர், மூச்சு வேகம், பிறகு கண் வெளுப்பு: தைலேரியா. உண்ணி பரப்புகிறது. இரு பக்கத் தோள்பட்டைக் கட்டிகளையும் ஒரே நேரத்தில் தடவிப் பாருங்கள். ஒன்று பெரிதாக இருப்பது கையிலேயே தெரியும். புபர்வாகுவோன் கிலோவுக்கு 2.5 மி.கி., கழுத்துச் சதையில் ஆழமாக. 5 சதவீத மருந்தில் 20 கிலோவுக்கு 1 மி.லி. என்பதால் 370 கிலோ மாட்டுக்கு 18 மி.லி.க்கு மேல் வரும்; அதை இரண்டு இடங்களில் பிரித்துப் போட வேண்டும். கண் வெளுப்பதற்கு முன் போட்டால் பிழைக்கும் வாய்ப்பு பல மடங்கு. இரண்டு நாள் "சளிக் காய்ச்சல்" என்று ஆண்டிபயாடிக் போட்டுக் காத்திருப்பதுதான் மாட்டை இழக்க வைக்கிறது.

மூத்திரம் காப்பி நிறம் அல்லது சிவப்பு: ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால், சிறுநீரகத்திலோ பையிலோ இரத்தம் கசிகிறது. மேலும் கீழும் ஒரே நிறமாக நின்றால் இரத்த அணு உடைந்து அதன் சாயம் வருகிறது. சாயம் வந்து, காய்ச்சலும் இருந்தால் பபீசியா. டைமினசீன் கிலோவுக்கு 3.5 மி.கி. ஊசி. சாயம் வந்து, காய்ச்சலே இல்லை, கன்று ஈன்று இரண்டு முதல் ஆறு வாரம், நல்ல கறவை என்றால் அது பாஸ்பரஸ் குறை. அதற்குப் பாஸ்பேட் உப்பு ஊசியே வேலை செய்யும். காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வியில் இரண்டு மருந்தும் பிரிந்துவிடுவதால்தான் தெர்மாமீட்டரை முதலில் வைத்தோம்.

கண் மஞ்சள், வெளுப்பு, மலச்சிக்கல், காய்ச்சல், ஆனால் மூத்திரம் சாதாரணம்: அனாப்ளாஸ்மா. ஆக்சிடெட்ராசைக்ளின் கேட்கும். விட்டுவிட்டுக் காய்ச்சல், தள்ளாட்டம், ஒரே பக்கம் சுற்றுவது, சுவரில் தலையை முட்டி நிற்பது, அதுவும் மழைக்குப் பின் மாட்டு ஈ பெருகிய காலத்தில்: சர்ரா. வெறிநாய்க் கடி நோயும் இப்படிக் காட்டும் என்பதால் வாயில் கை விடாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் இரத்தத் தடவல் மருந்துக்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். காது நுனி நரம்பில் சிறு துளி, கண்ணாடியில் மெல்லிய தடவல், காற்றில் காய விடுங்கள். ஊசி போட்ட பிறகு எடுத்தால் ஒட்டுண்ணி தெரியாமல் போய்விடும். பட்டியில் அடுத்த மாடு விழும்போது என்ன நோய் என்றே தெரியாது.

உண்ணி: மாட்டின் மேல் இருப்பது கொஞ்சம்தான்

ஆமணக்கு விதை போல் உப்பிய பெண் உண்ணி ஒன்று கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நம் கொட்டகைகளில் இரண்டு வகை முக்கியம். ஒன்று குஞ்சாக ஏறியது முதல் உப்பி விழும் வரை சுமார் மூன்று வாரம் ஒரே மாட்டில் வாழ்கிறது. பபீசியா இதன் வழி. மற்றொன்று இடையிடையே இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கூரைக் கீற்றிலும் ஒளிந்து மறுபடி ஏறுகிறது. தைலேரியா இதன் வழி. மாட்டை மட்டும் கழுவினால் முதல் வகை குறையும், இரண்டாவது வகை சுவரில் சிரித்துக்கொண்டிருக்கும்.

அமிட்ராஸ் 12.5 சதவீதம் அல்லது டெல்டாமெத்ரின் 1.25 சதவீதம், எதுவானாலும் லிட்டர் தண்ணீருக்கு 2 மி.லி. பெரிய மாடு முழுதும் நனைய நான்கைந்து லிட்டர் கரைசல் வேண்டும். அரை லிட்டரை முதுகில் தெளிப்பதில் பயனில்லை. காதின் உட்பக்கம், அலைதாடி, மடி, தொடையிடுக்கு, வாலடி ஆகியவற்றில்தான் உண்ணி இருக்கிறது. மாடு முதலில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நக்கும். வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். புண்ணில் படக் கூடாது. மறுநாள் கறக்கும் முன் மடியைக் கழுவுங்கள். 15 முதல் 21 நாள் இடைவெளியில் மூன்று முறை செய்யுங்கள். அதே நாட்களில் சுவர் வெடிப்பைச் சாந்து பூசி அடைத்து, மீதியில் மருந்து தெளியுங்கள். மாடு இல்லாத நேரத்தில் கல் சுவரில் நெருப்புச் சுடர் காட்டுவதும் நல்லது. கூரை கீற்றாக இருந்தால் அதைச் செய்யாதீர்கள்.

பயிருக்குத் தெளிக்கும் பூச்சி மருந்தை மாட்டுக்கு அடிப்பதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். வாயில் எச்சில் ஒழுகி, சதை துடித்து, மூச்சு நின்று மாடு விழும். அப்படி நேர்ந்தால் உடனே சோப்பு நீரில் கழுவி, மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். நஞ்சு முறிவான அட்ரோபின் ஊசி வேலை செய்ய வேண்டுமானால் நேரம் முக்கியம்.

மூலிகைக் கரைசலில் பூண்டு, வேப்பிலை, வசம்பு, மஞ்சள், உண்ணிச்செடி இலை அரைத்துத் தேய்ப்பது உண்ணி குறைவாக இருக்கும்போது வாரம் ஒருமுறை செய்யத் தகுந்தது. காய்ச்சல் வந்த பட்டியில் அதை மட்டும் நம்பாதீர்கள்.

குறட்டை, சொறி

மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம், மூக்கில் சளி, உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் காலிஃபிளவர் போன்ற முடிச்சு: மூக்குக் குறட்டை நோய். இரத்தக் குழாய்த் தட்டைப்புழு. 1933-இல் ராவ் என்ற ஆய்வாளர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். தட்டைச் சுருள் நத்தை பரப்புகிறது. மூக்குச் சளியைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் வளைந்த முட்டைகள் தெரியும். இப்புழு தோலைத் துளைத்து நுழைவதால், குட்டையில் மாட்டை நிறுத்திக் குளிப்பாட்டுவதே வழி திறந்துவிடுவது.

வாலடி, கழுத்து, கொம்படியில் ரோமம் உதிர்ந்து தோல் தடித்து அரிப்பு: சொறிப் பூச்சி. ஐவர்மெக்டின் 50 கிலோவுக்கு 1 மி.லி. (1 சதவீத மருந்து), தோலுக்கடியில், 14 நாள் கழித்து மறுபடி. முதல் ஊசி முட்டையைக் கொல்லாது. இரண்டாவதை விட்டுவிட்டால் நோய் திரும்பும். கறவைக்கு இந்த ஊசி வேண்டாம். தட்டைப்புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் இது பயன்படாது.

மருந்து கொடுத்தும் கேட்கவில்லை

எதிர்ப்புத்திறன் என்று முடிவு கட்டும் முன் எடையைச் சரிபாருங்கள். தோள்பட்டைக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்பட்டை முனையிலிருந்து இருப்பு எலும்பு (வாலடிக்குப் பக்கத்தில் துருத்தும் எலும்பு) வரை நீளம், இரண்டும் அங்குலத்தில். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 66, நீளம் 56 என்றால் சுமார் 370 கிலோ. அந்த மாட்டுக்கு 2.5 சதவீத அல்பெண்டசோல் 7.5 மி.கி. வீதம் 111 மி.லி. தேவை. 60 மி.லி. குப்பி ஒன்று கொடுத்தால் பாதிதான் போகிறது. ஃபென்பெண்டசோல் 1.5 கிராம் மாத்திரை 5 மி.கி. கணக்கில் 300 கிலோவுக்கு மட்டுமே சரி. இப்படிக் குறைத்துக் கொடுப்பது சாகாத புழுவைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பது. பட்டியில் சராசரி எடைக்குக் கணக்கிடாமல் பெரிய மாட்டின் எடைக்குக் கணக்கிடுங்கள். கண்பார்வை ஆபத்துள்ள மருந்துகளுக்கு மட்டும் தனித்தனி எடை.

அடுத்து, புகட்டிய விதம். தலையை முதுகுக்கு மேல் தூக்கி, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து ஊற்றினால் மருந்து மூச்சுக் குழாய்க்குள் போகும். இரண்டு நாளில் இருமல், காய்ச்சல், நிமோனியா. தாடை தரைக்கு இணையாக, வாயின் பக்கவாட்டில், கொஞ்சம் கொஞ்சமாக. மாடு விழுங்குவதைக் கழுத்தில் பார்த்த பிறகு அடுத்தது. இருமினால் தலையை விட்டுவிடுங்கள். அல்பெண்டசோலைச் சினை முதல் 45 நாளில் கொடுக்காதீர்கள். ஃபென்பெண்டசோல் அப்போது பாதுகாப்பானது.

எடையும் முறையும் சரி என்றால் சோதியுங்கள். பத்து மாடுகளின் சாணத்தில் முட்டை எண்ணிக்கையை மருந்து கொடுக்கும் நாளில் ஒருமுறை, 10 முதல் 14 நாள் கழித்து ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள். 95 சதவீதத்துக்குக் குறைவாகக் குறைந்தால் அந்த மருந்துக் குடும்பத்துக்கு எதிர்ப்பு வந்திருக்கிறது என்று கொள்ளலாம். அல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் ஒரே குடும்பம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது மாற்றமே அல்ல. லெவாமிசோல் வேறு குடும்பம்.

இன்னொன்று: உருண்டைப்புழுவுக்கு நல்ல நிலையில் உள்ள வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் தாமே எதிர்ப்பாற்றல் பெற்றிருக்கும். அவற்றில் சிலவற்றுக்கு மருந்து கொடுக்காமல் விட்டால், மருந்துக்குச் சாகும் புழுக்களும் மேய்ச்சலில் மிஞ்சும்; எதிர்ப்புத்திறன் தாமதமாகும். தட்டைப்புழுவுக்கு இந்த வாதம் செல்லாது, அதற்கு வயதான மாடும் தப்புவதில்லை.

சாணம் அனுப்பும்போது

தரையில் கிடப்பதை எடுக்காதீர்கள். கையுறை அணிந்து ஆசனவாயிலிருந்து 10 முதல் 15 கிராம். சிறு டப்பாவில் காற்று இல்லாமல் நிரப்பி, மாட்டின் அடையாளமும் வயதும் எழுதி, அன்றே கால்நடை மருந்தகத்துக்கோ மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ கொண்டு போங்கள். தாமதமானால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், உறையவிடக் கூடாது.

கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி: உப்புக் கரைசலில் மிதக்க விட்டுப் பார்த்தார்களா, படிய வைத்துப் பார்த்தார்களா? தட்டைப்புழு முட்டை கனமானது, உப்புக் கரைசலில் மிதக்காது. "முட்டை இல்லை" என்ற அறிக்கை பல நேரம் இப்படித்தான் வருகிறது. படிய வைத்துப் பார்த்தால் கல்லீரல் தட்டைப்புழு முட்டை பொன்மஞ்சளாகவும், இரைப்பைத் தட்டைப்புழுவினது நிறமற்று வெளிறியும் தெரியும். கல்லீரல் புழு மாட்டுக்குள் நுழைந்து முட்டையிட மூன்று மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், மழைக்குப் பின் வரும் முதல் தாக்குதலில் படிய வைத்தும் தெரியாமல் போகலாம்.

இடத்தைச் சரிசெய்வது

படுகை மாவட்டங்களில் ஜூன் மாதம் மேட்டூர் திறந்து, வாய்க்கால் ஓடி, வடகிழக்குப் பருவமழையில் குளம் நிரம்பி, தையில் தண்ணீர் வடியும்போது கரையில் பச்சைப்புல் நிற்கும். தட்டைப்புழுவின் குஞ்சு வளர்ந்து வெளியேறும் நத்தையும் அதில்தான். புழுவின் கூடுகள் நீர் மட்டத்துக்கு அருகே புல்லின் தண்டில் ஒட்டியிருக்கின்றன. அந்தப் புல்லை அறுத்துப் பசுமையாகப் போடுவது, மாட்டைக் குளத்துக்குள் இறக்குவதற்குச் சமம். தண்ணீர் நின்ற வயலின் வைக்கோலை அடியோடு அறுக்காமல் கொஞ்சம் உயர்த்தி அறுத்து, நன்றாகக் காய வைத்துப் போர் போடுங்கள். வாத்து மேய்ச்சல்காரர்கள் அறுவடை வயலில் வாத்து விட வந்தால் தடுக்காதீர்கள்; நத்தையை அவை பொறுக்கித் தின்னும். நத்தையைக் கொல்ல மயில்துத்தத்தைக் குளத்தில் போடுவது மீனையும் சேர்த்துக் கொல்லும், வேண்டாம். குடிக்கத் தொட்டியில் தண்ணீர் கொடுத்து, தொட்டியைச் சுற்றிச் சேறு தங்காமல் கல் பாவுங்கள்.

தட்டைப்புழு மருந்தைப் படுகையில் மழைக்கு முன் ஒருமுறை, தை மாசியில் ஒருமுறை வைத்துக்கொள்வது ஆண்டு முழுக்கச் சம இடைவெளியில் கொடுப்பதைவிடப் பலன் தரும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் காய்ந்த மேய்ச்சலில் நிற்கும் மாட்டுக்குத் தட்டைப்புழு அபூர்வம். அங்கே அந்த மருந்துக்குச் செலவிடும் பணத்தை உண்ணிக்குத் திருப்புங்கள். வெளியிலிருந்து வாங்கி வந்த மாட்டை முதல் மூன்று வாரம் தனியே கட்டி, உண்ணி நீக்கி, சாணம் பார்த்த பிறகு பட்டியில் சேருங்கள்.